வீட்டுக்குள் விழாமல் இருக்க

அசையாமல் நிற்பதாகத் தோன்றும் மனிதரும் உண்மையில் ஓயாமல் லேசாக ஆடிக்கொண்டுதான் நிற்கிறார். உடலின் ஈர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே, இடுப்புக்கூட்டுக்குள் இருக்கிறது. அதைத் தாங்குவது இரண்டு பாதங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட தரையும் சேர்ந்த சிறு பரப்பு மட்டுமே. மையத்திலிருந்து செங்குத்தாக இறங்கும் கோடு அந்தப் பரப்புக்குள் இருக்கும்வரை உடல் நிற்கும். கோடு விளிம்பை நெருங்கினால் முதலில் கணுக்கால் தசைகள் இழுத்துச் சரிசெய்கின்றன. அது போதாதபோது இடுப்பு மடங்கி நிமிர்கிறது. அதுவும் போதாவிட்டால் ஒரு கால் சட்டென்று எடுத்து வைக்கப்படுகிறது. இவையெல்லாம் ஒரு நொடிக்குள், யோசனைக்கு வேலையில்லாமல் நடந்து முடிகின்றன. இந்த மூன்றும் தவறும்போதுதான் ஆள் விழுகிறார்.

கோடு எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் சொல்பவை மூன்று. முதலாவது கண். இரண்டாவது உட்செவி: அங்குள்ள மூன்று அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதை உணர்கின்றன, அவற்றை ஒட்டிய இரு சிறு பைகள் தலையின் சாய்வையும் நேர்கோட்டு அசைவையும் உணர்கின்றன. உட்செவியின் இந்த வேலையை ஆராய்ந்ததற்காக ராபர்ட் பாரானிக்கு 1914ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மூன்றாவது உள்ளங்காலின் தோல், மூட்டுகள், தசைகள் ஆகியவற்றிலிருந்து வரும் தகவல். தரை மேடா பள்ளமா, எடை குதிகாலில் இருக்கிறதா விரல்களில் இருக்கிறதா என்பதை இருட்டிலும் இதை வைத்தே மூளை தெரிந்துகொள்கிறது. மூன்றில் ஒன்று பழுதானால் மற்ற இரண்டும் ஈடுகட்டும். பல வருடம் பழுதோடு நடமாடுபவருக்கு அது தெரியாமலே போவது இதனால்தான். மிச்சமிருக்கும் இரண்டில் ஒன்றும் கைவிடும் நேரத்தில் பழுது வெளியே வருகிறது.

19ஆம் நூற்றாண்டில் பெர்லின் நரம்பியல் மருத்துவர் மோரிட்ஸ் ராம்பெர்க் பதிவுசெய்த சோதனை இந்த ஈடுகட்டலைத்தான் காட்டுகிறது. பாதங்களைச் சேர்த்து வைத்து நிற்கச் சொல்லி, கண்ணை மூடச் சொல்வார்கள். காலிலிருந்து தகவல் சரியாக வராதவர், கண் திறந்திருக்கும்வரை நிற்பார், மூடியதும் தள்ளாடுவார். சோதனை அறையில் நடப்பதே வீட்டில் வாஷ்பேசின் முன் தினமும் நடக்கிறது. முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடிக் குனியும் அந்தச் சில நொடிகளில் தடுமாறுபவருக்குக் கால் நரம்புகளில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம் என்பது நரம்பியல் மருத்துவர்கள் அறிந்த அடையாளம்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் உலகெங்கும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்ததன் விளைவாக இறக்கிறார்கள். எதிர்பாராத காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்கு. இதில் 80 சதவீதத்துக்கும் மேல் நிகழ்வது குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வருடத்துக்கு ஒருமுறையாவது விழுகிறார். நடை தளர்ந்தவர்களிடம் இந்த விகிதம் இன்னும் கூடுதல். ஆனாலும் வீடுகளில் இதற்குச் சொல்லப்படும் விளக்கம் ஒரே வரிதான்: பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். அந்த வரியோடு விசாரணை முடிந்துவிடுகிறது. அதே ஈரத்தரையில் மற்றவர்கள் விழவில்லை என்பதையும், அவரே அதற்கு முன் நூறு தடவை விழாமல் வந்தார் என்பதையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தரையின் குறை ஒரு பாதி என்றால் உடலின் குறை இன்னொரு பாதி. இரண்டும் சந்திக்கும் நேரமும் இடமும் பெரும்பாலும் முன்கூட்டியே ஊகிக்கக்கூடியவை.

உடலின் பக்கம் நோய்க்கு நோய் விழும் விதம் மாறுகிறது. நீண்டகாலச் சர்க்கரை நோயில் பாத நரம்புகள் மரத்துப்போகின்றன. நடக்கையில் செருப்பு கழன்று பின்தங்கியது தெரியாமலே நாலடி தாண்டிப் போய்விடுவது இதன் வழக்கமான அறிகுறி. வைட்டமின் பி12 குறைபாடும் இதே போன்ற மரத்தலை உண்டாக்கும். பால்கூட அதிகம் சேர்க்காத சைவ உணவுக்காரர்களிடமும், மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுபவர்களிடமும் இது காணப்படுகிறது. பக்கவாதம் வந்தவருக்குப் பாதத்தின் முன்பகுதி தொங்கும். விரல் நுனி தரையில் இடறும். மூட்டுத் தேய்மானத்தில் வலிக்குப் பயந்து தொடைத்தசை வேலை செய்யாமல் மெலிகிறது, முழங்கால் திடீரென மடங்குகிறது. 1817இல் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த, அவர் பெயராலேயே அழைக்கப்படும் நோயில் அடிகள் சிறுத்து, உடல் முன்குனிந்து, நிலையை மீட்கும் அனிச்சைச் செயல் மந்தமாகிறது. லேசாகத் தள்ளினாலும் பின்பக்கம் சரிந்துவிடுவார்கள். உட்செவியில் இருக்கும் கால்சியம் கார்பனேட் துகள்கள் இடம்பெயர்ந்து அரைவட்டக் குழாய்க்குள் போய்விட்டால், படுக்கையில் புரளும்போதும் மேலே அண்ணாந்து பார்க்கும்போதும் ஒரு நிமிடத்துக்கும் குறைவாகத் தலை சுற்றும். இந்தக் கடைசி வகைக்கு மாத்திரையைவிட, தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பித் துகள்களை வெளியேற்றும் எப்லி முறைதான் பலன் தருகிறது. பயிற்சி பெற்ற மருத்துவர் அதைச் சில நிமிடங்களில் செய்துவிடலாம். இதைக் ‘கழுத்து எலும்புத் தேய்மானம்’ என்று நினைத்துக் கழுத்துப்பட்டை போட்டுக்கொண்டு மாதக்கணக்கில் திரிபவர்கள் ஏராளம்.

நேராக, சமதரையில், வெளிச்சத்தில் நடப்பவர் விழுவது குறைவு. எழும்போதும், உட்காரும்போதும், திரும்பும்போதும், எதையாவது எட்டும்போதும்தான் ஆபத்து கூடுகிறது. ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்வதும் அதில் சேரும். ஸ்வீடனைச் சேர்ந்த லுண்டின்-ஓல்சன் குழுவினர் 1997இல் லான்செட் இதழில் வெளியிட்ட சிறு ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. முதியோர் இல்லவாசிகள் 58 பேரோடு நடந்துகொண்டே பேச்சுக் கொடுத்தார்கள். பதில் சொல்வதற்காக 12 பேர் நடையை நிறுத்தினார்கள். அடுத்த ஆறு மாதத்தில் அந்த 12 பேரில் 10 பேர் விழுந்தார்கள். நடப்பதற்கே முழுக் கவனமும் செலவாகும் நிலையில், பேச்சுக்குக் கொடுக்கக் கையிருப்பு இல்லை என்பதே இதன் பொருள். அப்படிப்பட்டவர் தண்ணீர்ச் செம்போடு நடக்கும்போது வாசலில் காலிங்பெல் அடித்தாலோ, செல்போன் ஒலித்தாலோ தடுமாறுவது இயல்பு. போன் எடுக்க ஓடக்கூடாது என்பது சின்ன விதிதான். அதை வீட்டிலுள்ள மற்றவர்களும் ஏற்றுக்கொண்டு, போன் நின்றபின் திரும்ப அழைக்கும்வரை பொறுக்க வேண்டியிருக்கிறது.

வீட்டின் பக்கம் வந்தால் முதலில் பார்க்க வேண்டியது சிறிய உயர வித்தியாசங்களை. நடக்கும்போது முன்னே வீசப்படும் காலின் விரல் நுனிக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி, அது மிகக் குறையும் கட்டத்தில், ஒன்றிலிருந்து இரண்டு சென்டிமீட்டர்தான். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கே இந்த அளவு. பாதம் தொங்குபவருக்கும் கால் இழுத்து நடப்பவருக்கும் இதுவும் இல்லை. ஆகவே தலைவாசலின் உயரமான மர நிலைப்படியைவிட, ஹாலுக்கும் குளியலறைக்கும் நடுவே பதித்த இரண்டு விரற்கடை கிரானைட் பட்டைதான் அதிகம் தடுக்குகிறது. மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த தலைவாசல்படி கண்புரை விழுந்த கண்ணுக்கும் தெரியும், காலும் தானாக உயரும். டைல்ஸின் நிறத்திலேயே இருக்கும் பட்டை தெரியாது. அதன் ஓரத்தில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு பட்டை பெயின்ட் அடிப்பதோ நாடா ஒட்டுவதோ பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். சிமென்ட் பூசிச் சரிவாக்கினால் மீதியும் தீரும். சரிவுக்கு 1:12 என்ற விகிதம் நடைமுறையில் இருக்கிறது: ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு அறுபது சென்டிமீட்டர் நீளம். கொத்தனாரிடம் இந்தக் கணக்கைச் சொல்லாவிட்டால், இடம் மிச்சம் பிடிக்க அவர் செங்குத்தாகப் பூசிவிடுவார். அந்தச் சரிவு படியைவிட மோசம். ஓரம் சுருண்ட கால்மிதி, மேசை மின்விசிறியின் வயர், தரைவரை தொங்கும் கொசுவலையின் விளிம்பு, அவசரத்துக்கு இழுத்த செல்போன் சார்ஜர் ஆகியவையும் இந்த வகையே. அடியில் ரப்பர் இல்லாத மிதியடியை எடுத்துவிடுவது, அதைச் சரிசெய்வதைவிடச் சுலபம்.

குளியலறை தனி விஷயம். ஈரம், சோப்பு நுரை, குனிதல், திரும்புதல், கண்ணை மூடுதல், எல்லாம் ஒரே நாலடிச் சதுரத்துக்குள் ஒன்றுசேர்கின்றன. வாளியிலிருந்து சொம்பில் மொண்டு ஊற்றும் குளியலில் ஒவ்வொரு மொண்டலுக்கும் ஒருமுறை குனிந்து நிமிர வேண்டும்; தள்ளாட்டம் உள்ளவருக்கு அது ஒரு குளியலில் இருபது முப்பது தடவை நடக்கும் சோதனை. வாளியை ஒரு அடி உயரத் திண்டின் மேல் வைத்து, ஆள் உட்கார்ந்து குளித்தால் இது முற்றிலும் இல்லாமல் போகும். உட்கார, வீட்டில் கிடக்கும் பழைய பிளாஸ்டிக் நாற்காலியைப் போடுவதுதான் வழக்கம். ஈர டைல்ஸில் அதன் கால்கள் விரிந்து நழுவும். ரப்பர் அடி போட்ட, கைப்பிடியும் முதுகுச் சாய்வும் உள்ள குளியல் நாற்காலி சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கிறது. உட்கார்ந்தால் இரு பாதமும் முழுதாகத் தரையில் படும் உயரத்தில் அதை வாங்க வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளித்த நாளில் தரையில் படியும் எண்ணெய்ப் பிசுக்கு வெறும் தண்ணீருக்குப் போகாது. அடுத்தவர் உள்ளே போவதற்கு முன் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவி, தண்ணீரை வழித்துத் தள்ளிவிட வேண்டும். வாசலில் நீர் தெளித்த சிமென்ட் தரை, கொல்லையில் பாசி பிடித்த துணி துவைக்கும் கல்லடி இரண்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பிடிமானம் பற்றித் தவறான நம்பிக்கைகள் பல. துண்டு போடும் கம்பி, குழாய், வாஷ்பேசின் ஆகியவை ஆள் எடையைத் தாங்குவதற்குச் செய்தவை அல்ல. விழப்போகிறவர் முதலில் பற்றுவது இவற்றைத்தான் என்பதால், அவை பெயர்ந்து அவர்மேலேயே விழுகின்றன. டைல்ஸில் உறிஞ்சி ஒட்டும் வகைப் பிடிகள் ஓரிரு நாள் நிற்கும்; பிறகு எப்போது கழலும் என்று சொல்ல முடியாது. சுவரில் துளையிட்டு, செங்கல்வரை இறங்கும் ஆங்கர் போல்ட் போட்டு முறுக்கிய ஸ்டீல் கம்பியே நம்பத்தக்கது. அதன் தடிமன் கைக்குள் அடங்கும்படி மூன்று முதல் நான்கு சென்டிமீட்டரும், சுவருக்கும் கம்பிக்கும் இடைவெளி நான்கு சென்டிமீட்டரும் இருந்தால் பிடி சரியாக விழும். இடைவெளி அதிகமானால் முழங்கை உள்ளே நுழைந்து மாட்டிக்கொள்ளும். நுழையும் இடத்தில் செங்குத்தாக ஒன்று, கழிப்பிடத்துக்குப் பக்கத்தில் கிடைமட்டமாக ஒன்று என்று குறைந்தது இரண்டு தேவை. தரையில் குந்தும் வகைக் கழிப்பிடத்திலிருந்து எழத் தொடைத்தசை முழுவதும் வேலை செய்ய வேண்டும். எழுந்தவுடன் ரத்த அழுத்தமும் இறங்கும். இடித்துக் கட்ட வசதியில்லாத வாடகை வீட்டில், அதன் மேலேயே நிறுத்தி உட்காரும் ஸ்டீல் கமோடு நாற்காலி போதும்.

கதவைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் யோசிப்பதில்லை. குளியலறைக் கதவு உட்பக்கம் திறப்பதாக இருந்து, ஆள் கதவருகே விழுந்துவிட்டால், வெளியிலிருந்து தள்ளுபவர்கள் விழுந்தவரையே தள்ளிக்கொண்டிருப்பார்கள். கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கும்படி வைப்பது ஒரு தச்சருக்கு அரைநாள் வேலை. உள்தாழ்ப்பாள் போடாமல் இருப்பது இன்னும் எளிது. உள்ளே ஆள் இருப்பதைக் காட்டக் கதவின் மேல் ஒரு துண்டைப் போட்டால் போதும்.

இரவில் சிறுநீர் கழிக்க எழும் பயணம் இந்த எல்லா அபாயங்களையும் ஒரே கோட்டில் கோக்கிறது. படுத்திருப்பவர் எழுந்து நின்றதும் அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்களிலும் வயிற்றிலும் இறங்கித் தேங்குகிறது. இளம் உடல் ரத்த நாளங்களைச் சுருக்கி, இதயத் துடிப்பைக் கூட்டி, உடனே சமாளிக்கும். முதுமையிலும், சர்க்கரை நோயிலும், பார்க்கின்சன் நோயிலும் இந்த ஏற்பாடு தாமதிக்கிறது. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அழுத்தம் 20 புள்ளியோ கீழ் அழுத்தம் 10 புள்ளியோ இறங்கினால் அது நிலைமாற்றத் தாழ் அழுத்தம். மருத்துவமனையில் உட்கார வைத்து மட்டுமே அழுத்தம் பார்ப்பதால் இது பிடிபடாமல் போகிறது. படுக்க வைத்து ஒன்று, நிற்க வைத்து ஒன்று எனப் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. இரவில் எழுபவர் கட்டில் ஓரத்தில் ஒன்றிரண்டு நிமிடம் உட்கார்ந்து, கணுக்கால்களை மேலும் கீழும் அசைத்து, பிறகு எழுந்து, கட்டிலைப் பிடித்தபடி நின்று, தலை தெளிவாக இருக்கிறதென்று உறுதியான பிறகு அடியெடுத்து வைப்பது இதற்கான எளிய வழி. கட்டில் உயரம், உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் படுகிற அளவு வேண்டும். பாயில் படுத்தே பழகியவருக்குத் தரையிலிருந்து எழும் கூடுதல் சிரமம் இருக்கிறது. நடை தளர்ந்தபின் தாழ்வான கட்டிலுக்கு மாறுவது நல்லது.

அடுத்தது வெளிச்சம். 60 வயதுக்காரரின் விழித்திரைக்குச் சேரும் ஒளி 20 வயதுக்காரருக்குச் சேர்வதில் மூன்றில் ஒரு பங்குதான். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குக் கண் பழகவும் அதிக நேரமாகும். படுக்கையறையில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பை எரியவிட்டு, நடைவழியை இருட்டாக விடுவது பல வீடுகளின் ஏற்பாடு. விளக்கு தேவைப்படுவது நடைவழிக்கும் குளியலறை வாசலுக்கும்தான். ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானே எரியும் சிறு எல்.இ.டி. விளக்குகளை முழங்கால் உயரத்தில் பொருத்தினால் தூக்கமும் கெடாது. மின்வெட்டு நேரத்துக்குத் தலையணைக்கு அருகே ஒரு டார்ச் வேண்டும். நடையே ஆபத்தாகிவிட்டவருக்கு, ஆணுக்குச் சிறுநீர்ப் புட்டியும் பெண்ணுக்குக் கட்டிலருகே கமோடு நாற்காலியும் வைப்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மாத்திரைகளும் இந்தப் பயணத்தில் பங்கெடுக்கின்றன. நீர் பிரியச் செய்யும் மாத்திரையை மாலையில் சாப்பிட்டால் இரவு முழுவதும் எழ வேண்டியிருக்கும். பிராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டாம்சுலோசின் போன்றவை நிற்கும்போது அழுத்தத்தை இறக்கலாம். தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை, சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும் சில அலர்ஜி மாத்திரைகள் ஆகியவை மறுநாள் காலைவரை மூளையின் வேகத்தைக் குறைக்கின்றன. வெவ்வேறு மருத்துவர்கள் வெவ்வேறு வருடங்களில் எழுதியவை அத்தனையும் ஒரே டப்பாவில் சேர்ந்து கிடக்கும் வீட்டில், அந்த டப்பாவை அப்படியே ஒரு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுவது பலனுள்ள வேலை. எதையும் தானாக நிறுத்தக் கூடாது. தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் கேடுதான்.

கண்ணாடி விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. தூரப் பார்வையும் கிட்டப் பார்வையும் சேர்ந்த இருபார்வைக் கண்ணாடியின் கீழ்ப்பாதி படிப்பதற்கானது. படி இறங்கும்போது காலடியைப் பார்ப்பது அந்தக் கீழ்ப்பாதி வழியாகத்தான். படியின் விளிம்பு அதில் மங்கித் தெரியும். அடிக்கடி வெளியே நடமாடுபவர் நடப்பதற்குத் தனியாகத் தூரப் பார்வைக் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் தலையை நன்றாகக் குனிந்து மேல்பாதி வழியே பார்க்கப் பழகலாம். கண்புரையை முற்றவிடாமல் அறுவை செய்துகொள்வது விழுவதைக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

படிக்கட்டில் இரு பக்கமும் கைப்பிடி வேண்டும். பக்கவாதம் வந்தவருக்கு ஏறும்போது ஒரு பக்கம், இறங்கும்போது மறுபக்கம் நல்ல கை வருவதால் ஒற்றைக் கைப்பிடி பாதி உதவியே. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில் என்று பிசியோதெரபிஸ்டுகள் சொல்லிக்கொடுப்பார்கள். ஊன்றுகோல் எப்போதும் பலவீனமான கால் நகரும் அதே நேரத்தில் நகரும். புடவைக் கொசுவமும் தரை தொடும் நைட்டியும் ஏறும்போது முன்காலில் மிதிபடும், வேட்டியும் லுங்கியும் அப்படியே. கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி உடுத்துவது போதும். தேய்ந்த ஹவாய் செருப்பு, ஈரத்திலும் வழுக்கும், காலிலும் நிற்காது. பாதம் மரத்தவர்கள் வீட்டுக்குள்ளும் பின்வார் வைத்த எம்.சி.ஆர். (நுண்ணறை ரப்பர்) செருப்புப் போடுவது விழாமலிருக்கவும் புண் வராமலிருக்கவும் உதவும். டைல்ஸ் தரையில் வெறும் காலுறையோடு நடப்பது எல்லாவற்றையும்விட ஆபத்து.

ஊன்றுகோலை வலிக்கும் காலின் பக்கமே பிடிப்பது பரவலான தவறு. எதிர்க்கையில் பிடித்தால்தான் வலிக்கும் காலின் சுமையை அது பகிர்ந்துகொள்ளும். கையைத் தொங்கவிட்டு நிற்கும்போது மணிக்கட்டின் ரேகை இருக்கும் உயரமே கோலின் சரியான உயரம். பக்கத்து வீட்டுத் தாத்தாவுடைய கோலை அப்படியே வாங்கிப் பயன்படுத்தும்போது இந்த அளவு தப்பிப்போகிறது. அடி ரப்பர் தேய்ந்து வழவழப்பானால் கோலே வழுக்கும். அதன் விலை சொற்பம், மாற்றுவார்தான் இல்லை. வாக்கரைப் பிடித்து இழுத்து நாற்காலியிலிருந்து எழக்கூடாது, அது ஆள்மேல் சாயும். நாற்காலியின் கையை ஊன்றி எழுந்தபின் வாக்கரைப் பற்ற வேண்டும். பார்க்கின்சன் நோயாளிகளின் கால்கள் வாசற்படி அருகிலும் திரும்பும் இடத்திலும் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். அந்நேரம் கையைப் பிடித்து இழுப்பவர்கள் அவரை விழவைக்கிறார்கள். தரையில் ஓர் அடி இடைவெளியில் குறுக்காக நாடா ஒட்டி, அதைத் தாண்டச் சொன்னால், அல்லது தாளம் போட்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினால், கால் மறுபடி நகரும். நின்ற இடத்திலேயே சுழல்வதற்குப் பதிலாக அகலமாக வளைந்து திரும்புவதும் அவர்களுக்குப் பாதுகாப்பு.

வீட்டைச் சீராக்குவதால் கிடைக்கும் பலன் எவ்வளவு? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2023ஆம் ஆண்டு மீளாய்வின்படி, வீட்டிலுள்ள ஆபத்துகளைக் கண்டறிந்து நீக்குவது முதியவர்கள் விழுவதை 26 சதவீதம் குறைக்கிறது. ஏற்கெனவே விழுந்தவர்கள், அன்றாட வேலைக்கு உதவி தேவைப்படுபவர்கள் போன்ற அதிக ஆபத்துள்ளவர்களிடம் 38 சதவீதம். உடற்பயிற்சியைப் பற்றிய 2019ஆம் ஆண்டு மீளாய்வு 23 சதவீதக் குறைவைக் காட்டியது. இங்கே உடற்பயிற்சி என்பது வெறும் நடைப்பயிற்சி அல்ல. நிலையைச் சோதிக்கும் பயிற்சி. கைகளை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, சமையல் மேடையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்குவது, ஒரு பாதத்தின் விரலைத் தொட்டபடி மறுபாதத்தின் குதிகாலை வைத்து நிற்பது, பக்கவாட்டில் நடப்பது ஆகியவை அதன் அடிப்படை. நியூசிலாந்தில் உருவான ஒடாகோ பயிற்சித் திட்டம் இத்தகைய அசைவுகளையே படிப்படியாகக் கடினமாக்கிக்கொண்டு போகிறது. ஒரு பாதத்தின் முன் மறுபாதத்தை வைத்துப் பத்து நொடி நிற்க முடியாதவருக்கு விழும் ஆபத்து அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம். சோதித்துப் பார்க்கும்போது பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும்.

வைட்டமின் டி விழுவதைத் தடுக்கும் என்ற உற்சாகம் மட்டும் ஆய்வில் நிலைக்கவில்லை. ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய 2,256 பெண்களிடம் நடந்து 2010இல் வெளியான சோதனையில், ஆண்டுக்கு ஒருமுறை ஐந்து லட்சம் யூனிட் கொடுக்கப்பட்டவர்கள், கொடுக்கப்படாதவர்களைவிட அதிகமாகவே விழுந்தார்கள். எலும்பு முறிவும் அவர்களிடம் அதிகம். குறைபாடு இருப்பவருக்கு மருத்துவர் அளவோடு தருவது வேறு, தைரியத்துக்காகப் பெரிய டோஸ் விழுங்குவது வேறு.

ஒருமுறை விழுந்தவரிடம் பயம் தங்கிவிடுகிறது. பயத்தில் அவர் நடப்பதைக் குறைக்கிறார், வீட்டார் எழவே வேண்டாம் என்கிறார்கள். சில வாரங்களில் தொடை மெலிந்து, அடுத்த விழுதல் நெருங்கிவிடுகிறது. ஆளைக் கட்டிப்போடுவது பாதுகாப்பாகத் தெரிந்தாலும், நடமாட்டத்தைக் குறைக்காமல் நடமாடும் வழியைத் திருத்துவதே மருத்துவரீதியில் சரியானது.

இவ்வளவுக்குப் பிறகும் சிலர் விழுவார்கள். விழுந்தவரைச் சட்டென்று அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. இடுப்பில் கடுமையான வலி இருந்து, ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் தொடையெலும்பின் கழுத்து முறிந்திருக்கலாம். நிற்க வைக்காமல் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். தலையில் அடிபட்டு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவராகவும் இருந்தால், எழுந்து காபி குடித்தாலும் மருத்துவமனைக்குப் போவது அவசியம். மூளையின் உறைக்கடியில் மெல்ல ரத்தம் கசிந்து, நாட்கள் அல்லது வாரங்கள் கழித்துத் தலைவலி, தூக்கக் கலக்கம், பேச்சுத் தடுமாற்றம் என்று வெளிப்படுவது உண்டு.

அடி எதுவும் இல்லாவிட்டால் எழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் ஒரு பக்கமாகப் புரண்டு, முழங்கையை ஊன்றி, பிறகு கைகளும் முழங்கால்களும் தரையில் படும்படி நான்கு கால் நிலைக்கு வர வேண்டும். அப்படியே தவழ்ந்து உறுதியான நாற்காலி அல்லது கட்டிலை அடைந்து, இரு கைகளையும் அதன்மேல் வைத்து, பலமான காலின் பாதத்தை முன்னே ஊன்றி, எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். இதை விழாத நாளில் பிசியோதெரபிஸ்ட் முன்னிலையில் பழகிக்கொள்வது நல்லது. எழ முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடப்பது, எலும்பு முறியாவிட்டாலும், தசைச் சிதைவு, படுக்கைப்புண், நீரிழப்பு ஆகியவற்றுக்குக் காரணமாகிறது. தனியாக இருப்பவர் செல்போனைச் சட்டைப் பையிலோ கழுத்துக் கயிற்றிலோ வைத்திருப்பதும், குளியலறையில் தரையில் கிடந்தபடி எட்டக்கூடிய உயரத்தில் மணிக்கயிறு தொங்குவதும் அப்படிக் கிடப்பதைத் தவிர்க்கத்தான்.

மருத்துவரிடம் போகும்போது கொண்டுபோக வேண்டியது காயம் மட்டுமல்ல, விழுந்த விவரமும்தான். எந்த நேரம், எந்த இடம், என்ன செய்துகொண்டிருந்தபோது, எந்தப் பக்கம் விழுந்தார் என்பவை பரிசோதனைகளைவிட அதிகம் சொல்லும். எழுந்தவுடன் விழுந்தால் ரத்த அழுத்தத்தையும், படுக்கையில் புரண்டபின் சுற்றி விழுந்தால் உட்செவியையும், இருட்டில் அல்லது முகம் கழுவும்போது விழுந்தால் கால் நரம்புகளையும், ஒவ்வொரு முறையும் பின்பக்கமே சரிந்தால் பார்க்கின்சன் போன்ற நோயையும் மருத்துவர் முதலில் சந்தேகிப்பார். எப்படி விழுந்தோம் என்பதே நினைவில்லை என்று விழுந்தவர் சொன்னால், அது தடுக்கி விழுந்ததாக இல்லாமல் மயங்கி விழுந்ததாக இருக்கலாம். அப்போது தரையையும் டைல்ஸையும் விட்டுவிட்டு, முதலில் ஈ.சி.ஜி. எடுத்து இதயத் துடிப்பைப் பார்ப்பார்கள்.